பிழைப்பும் பிள்ளையும்

அல்லாஹு தஆலா நமக்கு அளித்திருக்கும் நிஃமத்துகளில் பிள்ளைச் செல்வம் தலையாயது. அந்தப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுக்க வேண்டுமே என்பதற்காகத்தான் நம்மில் பெரும்பாலோர் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி இரவில் திரும்புகிறோம். ஆனால் பிள்ளைக்காக ஓடும் ஓட்டத்திலேயே பிள்ளையைப் பாராமல் போய்விட்டால் அந்த ஓட்டத்தின் பலன் என்ன? இந்தக் கேள்வியை நாம் கிதாபிலிருந்து எடுக்கவில்லை. ஒரு தாய் நம்மிடம் கேட்ட கேள்வி இது.

வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு சகோதரி. கணவர் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். ஒரு வாரம் பகல், மறுவாரம் இரவு. அந்தச் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்குமே சரியாகப் போய்விடுகிறது. எனவே சகோதரி வீட்டில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. ஒன்பது வயதில் ஒரு மகன், ஆறு வயதில் ஒரு மகள். இருவருக்கும் குர்ஆன் ஓதிக்கொடுப்பதும், பள்ளிக்கூடப் பாடத்தைப் பார்ப்பதும் இவர் தலையில்தான். பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்தவர். இப்போது பிள்ளைகள் கொண்டு வரும் புத்தகங்களோ ஆங்கிலத்தில் இருக்கின்றன.

அவர் நம்மிடம் கேட்டது இதுதான்: "மிஷினை ஓட்டினால் பிள்ளையின் பாடம் நிற்கிறது. மிஷினை நிறுத்தினால் வருமானம் நிற்கிறது. பெண் பிள்ளை சம்பாதிப்பதே தவறு என்கிறார்கள் ஒரு சாரார். டியூஷனுக்கு அனுப்பிவிட்டு இன்னும் நாலு ரவிக்கை தைக்கலாமே என்கிறார்கள் மற்றொரு சாரார். எதை நிறுத்தினால் அல்லாஹ்விடத்தில் குற்றம் குறைவு, ஹஜ்ரத்?"

நாம் என்ன சொன்னோம்? "ஸப்ரு செய்யுங்கள் அம்மா, துஆ செய்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். துஆ செய்வது நல்லதே. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது என்பது அன்றிரவே நம் மனத்தை உறுத்தியது. அந்தச் சகோதரிக்கும், அவரைப் போல வாய்விட்டுக் கேட்காத எத்தனையோ தாய் தந்தையருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடனைத் தீர்க்கும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

உழைப்பு குற்றமா?

முதலில் ஒரு தப்பெண்ணத்தை நீக்கிவிடுவோம். ஹலாலான முறையில் உழைத்துச் சம்பாதிப்பதை நம் மார்க்கம் தீனுக்கு வெளியே வைக்கவில்லை. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பூமியில் பரந்து சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடிக்கொள்ளும்படி திருமறையே அனுமதி அளிக்கிறது. நபி தாவூத் (அலை) அவர்கள் அரசராக இருந்தும் இரும்பை உருக்கொடுத்துக் கவசம் செய்து தம் கைத்தொழிலில் உண்டார்கள். நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சு வேலை செய்தார்கள். நம் நாயகம் (ஸல்) அவர்கள் இளமையில் ஆடு மேய்த்தார்கள். பின்னர் வணிகம் செய்தார்கள்.

பெண்களின் நிலை என்ன? உம்முல் முஃமினீன் ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோல் பதனிட்டுத் தைத்து, அதில் கிடைத்ததைத் தர்மம் செய்து வந்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். கைகளால் தைத்தவர்கள் அவர்கள்! இன்று மிஷினில் தைக்கும் நம் சகோதரிக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறென்ன வேண்டும்? ஹழ்ரத் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவியாரும் கைத்தொழில் தெரிந்தவர். தம் கணவருக்கும் தம் பொறுப்பிலுள்ள அநாதைகளுக்கும் செலவிடுவது தர்மமாகுமா என்று அவர் கேட்டனுப்பியபோது, அதில் இரண்டு கூலி உண்டு, உறவைப் பேணிய கூலி ஒன்று, தர்மத்தின் கூலி மற்றொன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கம் தந்தார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. ஷரீஅத்தின் வரம்புகளைப் பேணி ஒரு பெண் சம்பாதிப்பது குற்றமல்ல. அவர் சம்பாத்தியம் அவருடையது. குடும்பத்துக்கு அவர் கொடுப்பது கடமையன்று, உபகாரம். வீட்டுச் செலவு கணவன்மீதுள்ள கடமை. இதை மறந்துவிட்டு, மனைவியின் கூலியைக் கையில் வாங்கிக்கொண்டே, "நீ பிள்ளையைக் கவனிப்பதில்லை" என்று குறை சொல்லும் ஆண்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

ஓதிக்கொடுப்பது யார்மீது கடமை?

இனி மறுபக்கம். ஈமான் கொண்டவர்கள் தம்மையும் தம் குடும்பத்தாரையும் நரக நெருப்பிலிருந்து காத்துக்கொள்ள வேண்டும் என்று குர்ஆன் ஷரீப் கட்டளையிடுகிறது. அவர்களுக்கு இல்மைக் கற்றுக்கொடுங்கள், ஒழுக்கத்தைப் பழக்குங்கள் என்பதே அதன் கருத்து என்று ஹழ்ரத் அலீ (ரலி) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், தம் மந்தையைப் பற்றிக் கேட்கப்படுவார் என்னும் ஹதீஸ் ஷரீபை அறியாதவர் நம்மில் யார்? அதில் ஆண் தன் குடும்பத்துக்கும், பெண் தன் கணவனின் வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் பொறுப்பாளி என்று இருவருமே தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறார்கள்.

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது 'மஜ்மூஉ' என்னும் பெருநூலின் முன்னுரையில் இந்த மஸ்அலாவைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் பருவமடைந்தபின் அவர்கள்மீது எவையெல்லாம் கடமையாகுமோ, அவற்றைச் சிறு வயதிலேயே கற்பிப்பது தந்தையர்மீதும் தாய்மார்மீதும் கடமை. அத்துடன் ஒரு முக்கியமான சட்டத்தையும் கூறுகிறார்கள். கற்பிப்பதற்கான கூலி அப்பிள்ளைக்குச் சொந்தப் பொருளிருந்தால் அதிலிருந்து கொடுக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் அப்பிள்ளையின் ஜீவனாம்சம் யார்மீது கடமையோ அவர் கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது சட்டத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளட்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

கற்பிப்பது எவ்வளவு காலம்? ஏழு வயதில் பிள்ளையைத் தொழச் சொல்ல வேண்டும். பத்து வயதானால் கண்டிப்புக் காட்ட வேண்டும் என்பது நாமறிந்ததே. இடையில் உள்ள மூன்று ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு ஐந்து வேளை. மூன்று ஆண்டுகளுக்கு ஐயாயிரத்து நானூற்று எழுபத்தைந்து வேளை! கண்டிப்பு என்ற பேச்சு எழுவதற்கு முன்னால் இத்தனை தடவை அன்பாகச் சொல்லிக்கொடுக்க நமக்கு அவகாசம் தரப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பாடமும் சில நிமிடங்கள்தாம். ஆனால் நாள் தவறாமல் வரும் பாடம். பெரிய படிப்புப் படித்தவர்தான் இதைச் செய்ய முடியும் என்பதில்லை. தொழத் தெரிந்த யாரும் செய்யலாம். பிள்ளையோடு வீட்டில் இருப்பவர் வேண்டும், அவ்வளவே.

தேவையும் ஆசையும்

உழைப்பும் வேண்டும், ஓதிக்கொடுப்பதும் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தைக் கேட்டால் எதற்குக் கொடுப்பது? நம் இமாம்கள் மனிதத் தேவைகளை மூன்று படிகளாக வகுத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் வாழ்வே நிலைகுலைந்துவிடும் என்பவை ளரூரிய்யாத். இல்லாவிட்டால் சிரமம் என்பவை ஹாஜிய்யாத். இருந்தால் அழகு என்பவை தஹ்ஸீனிய்யாத். மேற்படிக்காகக் கீழ்ப்படியை இடித்துவிடக் கூடாது என்பது அவர்கள் வகுத்த விதி.

இந்த அளவுகோலை நம் வீட்டு வரவு செலவில் வைத்துப் பார்ப்போம். அரிசி, வாடகை, மருந்து, பள்ளிக்கூடச் செலவு ஆகியவை முதற்படி. வேலைக்குப் போய்வர ஒரு வண்டி இரண்டாம் படி. பக்கத்து வீட்டில் இருக்கிறதே என்பதற்காகப் பெரிய வண்டி, உறவினர் வாயடைக்க வேண்டும் என்பதற்காக மகளின் திருமணத்துக்கு இன்றே நகைச்சீட்டு, கடன் வாங்கிக் கட்டும் இன்னொரு மாடி ஆகியவை மூன்றாம் படியிலும் சேருமா என்பது ஐயமே. பிள்ளையின் தீனும் அறிவும் எந்தப் படி? தீனையும் அறிவையும் காப்பது ளரூரிய்யாத்திலேயே சேர்ந்தது என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை இல்லை.

ஆகவே மேலதிக நேர வேலையை ஏற்றுக்கொள்ளும் முன் ஒரு தகப்பன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தப் பணம் எந்தப் படிக்குப் போகிறது? முதற்படிக்கானால் தயங்க வேண்டாம். அந்த வியர்வைக்குக் கூலி உண்டு. மூன்றாம் படிக்கானால், அந்த இரண்டு மணி நேரம் தன் பிள்ளையின் பங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அவர் தெரிந்துகொள்ளட்டும்.

இது பசித்தவனுக்குச் சொல்லும் உபதேசமன்று. நாள் கூலிக்குப் போகிறவரிடம் சென்று, "கொஞ்சம் குறைவாகச் சம்பாதியுங்கள், பிள்ளையைக் கவனியுங்கள்" என்று சொல்வது அறிவீனம். நமது சகோதரியின் வீட்டில் வரும் வருமானம் முதற்படிக்கே போதவில்லை. அப்படியானால் அவருக்கு வழி என்ன?

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் முறை

இந்த இடத்தில் ஸஹீஹுல் புகாரியின் கல்விப் பாடத்தில் உள்ள ஒரு ஹதீஸ் நம் நினைவுக்கு வருகிறது. கல்வியில் முறை வைத்துக்கொள்வது என்று அதற்கெனவே ஒரு தலைப்பை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் அமைத்திருக்கிறார்கள். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப்புறமான அவாலியில் குடியிருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் சபைக்குத் தினமும் இறங்கி வந்தால் பிழைப்பைக் கவனிக்க முடியாது. பிழைப்பையே கவனித்தால் சபை தவறிவிடும். அவர்கள் என்ன செய்தார்கள்? அன்ஸாரியான அண்டை வீட்டுக்காரர் ஒருவருடன் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் இவர் போவார், மறுநாள் அவர் போவார். போனவர் அன்று இறங்கிய வஹீயையும் மற்றச் செய்திகளையும் போகாதவருக்கு வந்து சொல்லிவிடுவார். ஒருநாள் அந்த அன்ஸாரித் தோழர் இரவில் வந்து உமர் (ரலி) அவர்களின் கதவைப் படபடவென்று தட்டிச் செய்தி சொன்னதாகவும் அந்த ஹதீஸிலேயே வருகிறது.

அன்புச் சகோதரர்களே! பிற்காலத்தில் பெரும் சாம்ராஜ்யத்தை ஆண்ட அமீருல் முஃமினீன் அவர்களுக்கே ஒரு நாளில் இருபத்து நான்கு மணி நேரம்தான் இருந்தது. இருவருமே வேலையை விட்டுவிடவில்லை. இருவருமே கல்வியைக் கைவிடவில்லை. ஒருவர் இல்லாத நாளில் மற்றவர் இருந்தார். இருந்தவர் தாம் பெற்றதைத் தமக்குள் வைத்துக்கொள்ளாமல் இல்லாதவருக்கும் சேர்ப்பித்தார். அவ்விருவரும் கணவன் மனைவியுமல்லர், அண்ணன் தம்பியுமல்லர், அண்டை வீட்டார். இரண்டு அண்டை வீட்டாருக்குள் சாத்தியமான முறை ஒரே கூரையின்கீழ் வாழும் தாய் தகப்பனுக்குள் சாத்தியமாகாதா?

இரவு ஷிப்டு பார்க்கும் வாரத்தில் தகப்பன் விடியற்காலையில் வீடு திரும்புகிறார். தூங்கப் போகும் முன், பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளையிடம் நேற்றைய பாடத்தைக் கால் மணி நேரம் கேட்கலாம். பகல் ஷிப்டு வாரத்தில் மக்ரிபுக்குப் பின் அவருடைய முறை. அந்த நேரம் அவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது. தாய் தைத்துக்கொண்டிருக்கும்போது தகப்பன் உலையும் வைக்கலாம். அதனால் ஆண்மை குறைந்துவிடாது. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் கிளம்பிவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள் அன்றோ!

நம் வீட்டில் நடந்தது

பிறருக்கு உபதேசம் செய்யும் நாம் நம் வீட்டில் நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை. காலையும் மாலையும் மக்தபில் நாற்பது பிள்ளைகளுக்கு நாம் ஓதிக்கொடுக்கிறோம். நம் மகனும் அவர்களில் ஒருவன். அவன் உஸ்தாதின் மகன், தானாக ஓதிக்கொள்வான் என்று நாம் இருந்துவிட்டோம். தகப்பனே ஆலிம், அவர் பார்த்துக்கொள்வார் என்று அவன் தாயார் இருந்துவிட்டார்கள். ஒருநாள் அவன் வீட்டில் தனியாகத் தொழும்போது சூரத்துல் ஃபாத்திஹாவின் கடைசியில் வரும் 'ளாத்' எழுத்தைத் தவறாக ஓதியதை அவன் தாயார்தான் கவனித்தார்கள். "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓதிக்கொடுக்கிறீர்கள். உங்கள் பிள்ளை இதை யாரிடம் கற்றுக்கொள்வான்?" என்று கேட்டார்கள். நாம் தலைகுனிந்தோம்.

யோசித்துப் பார்த்தபோது ஒன்று விளங்கிற்று. நம் வீட்டில் நேரத்துக்குப் பஞ்சமில்லை. இல்மும் ஓரளவு இருந்தது. முறைதான் இல்லை. இருவர் பொறுப்பு என்பது யாருடைய பொறுப்புமில்லை என்று ஆகிவிட்டது. இப்போது இஷாவுக்குப் பின் பத்து நிமிடம் நமக்கு, ஸுப்ஹுக்குப் பின் பத்து நிமிடம் அவன் தாயாருக்கு என்று வைத்திருக்கிறோம். 'ளாத்' திருந்திவிட்டது, அல்ஹம்து லில்லாஹ். நாற்பது பேர் நடுவில் கேட்காத அவன் ஓசை தனியே உட்கார்ந்தபோதுதான் நம் காதில் விழுந்தது.

ஆங்கிலம் தெரியாத தாய் என்ன செய்வாள்?

சகோதரியின் மற்றொரு கவலை பள்ளிக்கூடப் பாடம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் முன்பு தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றி வந்தன. 2023-24 கல்வியாண்டு முதல் அவை சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறின. அதில் நன்மையும் இருக்கலாம். ஆனால் தமிழில் படித்த தாய்மார் பிள்ளையின் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடும் நிலை பல கிராம வீடுகளில் இருக்கிறது.

அவர்களுக்கு நாம் சொல்வது: கற்பிப்பது என்றால் பேசுவது மட்டுமன்று, கேட்பதும் கற்பிப்பதே. ஒவ்வொரு ரமளானிலும் ஹழ்ரத் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து நாயகம் (ஸல்) அவர்களுடன் குர்ஆனை ஓதிப் பார்ப்பார்கள் என்று ஹதீஸில் உள்ளது. ஒருவர் ஓத மற்றவர் கேட்பது கல்வியின் மிகப் பழைய வழி. இன்றும் ஹிஃப்ளு மதரஸாக்களில் அதுவேதான் வழி. பிள்ளையை அருகில் உட்காரவைத்து, "இன்று பள்ளிக்கூடத்தில் சொன்னதைத் தமிழில் எனக்குச் சொல்" என்று கேளுங்கள். அவனுக்குப் புரிந்திருந்தால் சொல்லிவிடுவான். தடுமாறினால் எங்கே தடுமாறுகிறான் என்று அவனுக்கே தெரிந்துவிடும். மறுநாள் ஆசிரியரிடம் கேட்டுவருவான். இதற்கு ஆங்கிலம் தேவையில்லை. கைகள் மிஷினில் இருக்கும்போதுகூடக் காதுகள் பிள்ளையிடம் இருக்கலாம்.

அப்படியே தாமும் கற்றுக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். உம்முல் முஃமினீன் ஹஃப்ஸா (ரலி) அவர்கள் எழுதக் கற்றது ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணியிடம்தான். குர்ஆனில் நாளுக்கு ஒரு பக்கம் தாயும் பிள்ளையும் சேர்ந்து ஓதினால், 604 பக்கங்கள் கொண்ட மதீனா முஸ்ஹஃப் இரண்டு ஆண்டுக்குள் முடிந்துவிடும்.

வீட்டிலேயே எல்லாம் கற்பித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பெரிய நகரங்களில் வசதியுள்ள சில குடும்பங்கள் அவ்வாறு செய்து, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வுகளைப் பிள்ளைகளை எழுதச் செய்வதுண்டு. நம் கிராமங்களுக்கு அதை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் பதினான்கு வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை. அது ஒருபுறமிருக்க, இரண்டு பேரும் உழைத்தால்தான் அடுப்பெரியும் வீட்டில் முழுநாள் பள்ளிக்கூடம் நடத்த யாருக்கு முடியும்? 2020-ல் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டபோது இதைக் கண்கூடாகக் கண்டோம். ஒரே செல்போன், அதுவும் தகப்பனுடன் வேலைக்குப் போய்விடும். பள்ளி வேண்டும், மக்தபும் வேண்டும். ஆனால் அவ்விரண்டும் கொடுத்ததைப் பிள்ளையின் நெஞ்சில் பதிய வைக்கும் மூன்றாவது இடம் வீடு. பொய் சொல்லாதிருப்பதையும், கூலியாளிடம் மரியாதையாகப் பேசுவதையும், ஹராமான காசு வந்தால் திருப்பிக் கொடுப்பதையும் பிள்ளை வேறெங்கே பார்த்துக் கற்கும்?

ஜமாஅத்தின் பங்கு

தாயும் தகப்பனும் முறை வைத்துக்கொண்ட பிறகும் சில நாட்களில் இருவருமே வேலையில் இருப்பார்கள். அப்போது பிள்ளை யாருடைய முறை? நம்முடைய முறை என்று ஜமாஅத் சொல்ல வேண்டும்.

நம் பாகூரில் கிடைத்த பல்லவர் காலத்துச் செப்பேடுகளைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் ஆட்சியில், பாகூரிலிருந்த கல்விச் சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்ட செய்தி அவற்றில் இருக்கிறது. அங்கு கற்பிக்கப்பட்டது வேறு மார்க்கத்தின் கல்வி. ஆயினும் அதில் நமக்கொரு படிப்பினை உண்டு. ஏரிப்பாசனத்தில் உழுதவர்களின் விளைச்சல் படித்தவர்களின் சாப்பாடாயிற்று. எந்தக் காலத்திலும், எந்தச் சமுதாயத்திலும், ஒரு பிள்ளை உட்கார்ந்து படிக்க வேண்டுமானால் அதன் பின்னால் யாரோ நின்று உழைக்க வேண்டியிருக்கிறது. நம் முன்னோர்கள் வக்ஃபு செய்து வைத்ததும் இதற்காகத்தானே!

நம் இமாம்களின் வரலாற்றிலும் இதையே காண்கிறோம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தகப்பனை இழந்த ஏழைப் பிள்ளை. ஆசிரியருக்குக் கொடுக்கத் தாயாரிடம் காசில்லை. ஆசிரியர் இல்லாத நேரத்தில் மற்றப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வதையே கூலியாக ஏற்று ஆசிரியர் ஓதிக்கொடுத்தார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் தந்தையார் கம்பளி நூற்றுப் பிழைத்தவர். தமக்குக் கிடைக்காத கல்வி தம் இரு மக்களுக்கும் கிடைக்க வேண்டுமென்று, இருந்த சிறு பொருளுடன் அவர்களை ஒரு ஸூஃபி நண்பரிடம் ஒப்படைத்து மறைந்தார். பொருள் தீர்ந்ததும் அந்த நண்பர், சாப்பாடும் கிடைக்கும் மதரஸாவில் அவர்களைச் சேர்த்துவிட்டார். இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களை வறுமை காரணமாக வீட்டார் பாடசபையிலிருந்து அழைத்துப் போனபோது, கூஃபாவில் பட்டுத்துணி வணிகம் செய்து வந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் தம் சம்பாத்தியத்திலிருந்து நூறு திர்ஹம் கொடுத்து, படிப்பைத் தொடரச் செய்தார்கள். அந்தப் பிள்ளையே பின்னாளில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியானார்.

இன்று நாம் நூறு திர்ஹம் கொடுக்க வேண்டியதில்லை. மாலை நேரத்தில் பள்ளிவாசலின் வெளித்தாழ்வாரத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் போதும். வீட்டுப்பாடம் எழுத ஒரு விளக்கு, ஒரு பாய், கவனித்துக்கொள்ள படித்த ஓர் இளைஞர். சுல்தான்பேட்டை போல நம்மவர் நெருங்கி வாழும் இடங்களில் இது எளிது. பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நம் வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. அங்கே மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து, இன்று உங்கள் வீடு, நாளை எங்கள் வீடு என்று அன்ஸாரித் தோழரின் வழியில் முறை வைத்துக்கொள்ளலாம். பெண்கள் மதரஸாக்களில் ஓதி முடித்த ஆலிமாக்கள் இப்போது பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களை ஓதிக்கொடுக்கச் சொல்லும் ஜமாஅத், "தவாபு கிடைக்கும் அம்மா" என்று வாயால் சொல்வதோடு நின்றுவிடாமல் கூலியும் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2021-ல் நமக்கு வடக்கே மரக்காணத்துக்கு அருகில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியபோது, மாலையில் கற்பிக்கும் தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை வைத்தது. அரசாங்கம் அறிந்ததை ஜமாஅத் அறியாமலிருக்கலாமா?

சகோதரிக்கு நம் பதில்

அந்தச் சகோதரியையும் அவர் கணவரையும் நாம் மறுபடி சந்தித்தோம். இம்முறை நாம் சொன்னது இது:

"மிஷினை விற்க வேண்டாம் அம்மா. உங்கள் உழைப்பு ஹலால். அதற்குக் கூலி உண்டு. ஆனால் நாளில் அரைமணி நேரம் மிஷினை நிறுத்துங்கள். பிள்ளைகள் இருவரையும் முகம் பார்த்து உட்காரவைத்துக் கேளுங்கள். அந்த அரைமணியில் குறையும் கூலி உங்கள் குற்றமன்று. பிள்ளைக்குக் கற்பிக்கும் செலவு, ஜீவனாம்சம் யார்மீது கடமையோ அவர்மீது என்று இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். ஓர் உஸ்தாதை வைத்தால் அத்தா கொடுக்க வேண்டிய பணத்தைத்தான் நீங்கள் உங்கள் கூலியை விட்டுக்கொடுத்துச் செலுத்துகிறீர்கள். ஆகவே அந்தக் குறைவை ஈடுகட்ட வழி தேடுவது அவர் கடமை; பணத்தால் முடியாவிட்டால் நேரத்தால்."

கணவர் நல்ல மனிதர். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "இரவு ஷிப்டு வாரத்தில் காலைப் பாடம் என்னுடையது, ஹஜ்ரத்" என்றார். இந்த முடிவில் பெரிய உலமாக்கள் யாரேனும் பிழை கண்டால் நம்மைத் திருத்தட்டும், நன்றியுடன் ஏற்றுக்கொள்வோம்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. பெருநாள் நெருங்கும்போது தையல் குவியும், பாடம் தவறும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். கணவருக்கு ஷிப்டு மாறும். அப்படித் தவறிய நாளைத் தவறிய தொழுகையைப் போலக் கருதுங்கள். தொழுகை தவறினால் களா செய்கிறோம். ஒரு வேளை தவறிவிட்டதே என்று தொழுகையையே விட்டுவிடுவதில்லை. பாடமும் அப்படித்தான்.

நாளை மஹ்ஷர் மைதானத்தில் நம் சம்பாத்தியத்தைப் பற்றியும் கேள்வி உண்டு, நம் பிள்ளைகளைப் பற்றியும் கேள்வி உண்டு. இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லப் போகிறவர் ஒரே மனிதர்தான். இன்றிரவு இஷா முடிந்து வீட்டுக்குப் போனதும், நம் வீட்டில் இன்று யாருடைய முறை என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்வோமாக!

ஹலாலான ரிஜ்கையும், அந்த ரிஜ்கை உண்ணும் பிள்ளைகளுக்கு இல்மையும் அதபையும் ஊட்டும் நேரத்தையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.